பிள்ளைகளுக்குத் திசை தெரியுமா?

உங்கள் பிள்ளையை வாசலில் நிறுத்துங்கள். "வடக்கு எது?" என்று கேளுங்கள்.

சட்டென்று கையை நீட்டிக் காட்டினால், சபாஷ்! காட்டத் தெரியாமல் விழித்தால் திட்டாதீர்கள். குற்றம் பிள்ளையுடையது அல்ல.

பள்ளிக்கூடத்தில் திசையைப் பற்றிப் பாடம் இருக்கிறது. "எட்டுத் திசைகளின் பெயர்களை எழுது" என்று பரீட்சையில் கேட்பார்கள். மாணவன் ஒன்று விடாமல் எழுதுவான். முழு மார்க்கும் வாங்குவான். ஆனால் அவனை மைதானத்துக்கு அழைத்து வந்து, "வடகிழக்கே பத்து அடி நட" என்று சொன்னால் திகைத்து நிற்பான்.

ஏன்? அவன் திசையைச் சுவரில் தொங்கும் படத்தில் படித்தான். படத்தில் வடக்கு மேலே இருக்கிறது. தெற்கு கீழே இருக்கிறது. ஆகவே வடக்கு என்றால் ஆகாயம், தெற்கு என்றால் தரை என்று எண்ணும் குழந்தைகள் உண்டு.

நீச்சலைக் கரும்பலகையில் சொல்லிக் கொடுக்க முடியாது. திசையும் அப்படித்தான். வெளியே அழைத்துப் போக வேண்டும். கையில் காந்த ஊசியைக் கொடுக்க வேண்டும். நடக்கச் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் இது நடக்க வேண்டும் என்பது நமது கோரிக்கை. காரணங்களைச் சொல்கிறோம். கேளுங்கள்.

காட்டில் ஒரு பெண்

2013-ம் ஆண்டு ஜூலை மாதம். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மெயின் என்று ஒரு மாநிலம். அங்கே அடர்ந்த காட்டின் வழியாக ஒரு நெடும் நடைபாதை செல்கிறது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் அதில் நடந்து போவார்கள்.

ஒரு பெண்மணி தனியாக நடந்து வந்துகொண்டிருந்தார். வயது 66. நர்சு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நடந்து பழக்கப்பட்டவர். பல நாள் நடை அது.

இயற்கைக் கடனைக் கழிக்கப் பாதையை விட்டுக் கொஞ்ச தூரம் மரங்களுக்குள் ஒதுங்கினார். அவ்வளவுதான்! திரும்பும்போது பாதை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரியான மரங்கள்.

கையில் செல்போன் இருந்தது. கணவருக்குச் செய்தி அனுப்பினார். போகவில்லை. காட்டில் சிக்னல் இல்லை. மேட்டுக்கு ஏறிப் பார்த்தார். மீண்டும் மீண்டும் அனுப்பினார். ஒன்றும் போய்ச் சேரவில்லை.

தேடுகிறவர்கள் வருவார்கள் என்று நம்பிக் கூடாரம் அடித்து அங்கேயே தங்கினார். தேடவும் செய்தார்கள். நாய்கள் தேடின. விமானங்கள் தேடின. பலன் இல்லை. மூன்று வாரத்துக்கு மேல் அவர் உயிரோடு இருந்தார் என்பது அவரது நாட்குறிப்பிலிருந்து தெரிகிறது. 2015-ம் ஆண்டு அக்டோபரில்தான் அவரது உடல் கிடைத்தது. அந்த இடம் நடைபாதையிலிருந்து வெகு தொலைவில் இல்லை!

அவருக்குத் திசையறிவு குறைவு என்று, முன்பு உடன் நடந்த தோழி பின்னர் சொன்னார்.

காந்த ஊசி இருந்தால் நிச்சயம் பிழைத்திருப்பார் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பாதையை விட்டு இறங்கும் முன் ஊசியை ஒரு தரம் பார்த்து, "நான் கிழக்கே போகிறேன், திரும்பும்போது மேற்கே வரவேண்டும்" என்று மனதில் பதித்துக்கொள்ள அரை நிமிடம் போதும். பத்து வயதுச் சிறுவனுக்கு ஒரே நாளில் சொல்லிக் கொடுக்கக்கூடிய வித்தை இது.

பேய் சுற்ற விட்டதா?

நம் கிராமங்களில் ஒரு கதை சொல்வார்கள். இருட்டில் ஒருவன் ஊருக்குத் திரும்புகிறான். இரவெல்லாம் நடக்கிறான். விடிந்து பார்த்தால், புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறான்! "பேய் சுற்ற விட்டுவிட்டது" என்பார்கள்.

அவன் சுற்றியது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சுற்ற விட்டது பேய் அல்ல!

ஜெர்மனியில் மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் இதைச் சோதித்தார்கள். 2009-ம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். சிலரைக் காட்டில் விட்டு, "நேராக நடந்துகொண்டே இருங்கள்" என்றார்கள். வேறு சிலரை ஆப்பிரிக்காவில் சகாரா பாலைவனத்தில் நடக்கவிட்டார்கள்.

சூரியன் தெரிந்தபோது ஓரளவு நேராக நடந்தார்கள். மேகம் சூரியனை மறைத்ததும் வளைந்து வளைந்து சுற்றினார்கள். தாங்கள் ஏற்கனவே நடந்த இடத்தையே மறுபடி கடந்தார்கள். அது அவர்களுக்கே தெரியவில்லை! நேராகப் போகிறோம் என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள்.

கண்ணைக் கட்டிவிட்டபோது இன்னும் வேடிக்கை. சிலர் 20 மீட்டர் அகலமுள்ள வட்டத்துக்குள்ளேயே சுற்றி வந்தார்கள்.

மனிதனுக்குள் திசைகாட்டி இல்லை. வெளியே ஓர் அடையாளம் வேண்டும். சூரியன் வேண்டும், அல்லது நட்சத்திரம் வேண்டும், அல்லது காந்த ஊசி வேண்டும். இல்லாவிட்டால் படித்தவனும் சுற்றுவான், படிக்காதவனும் சுற்றுவான்.

ஊசி ஏன் வடக்கே நிற்கிறது?

"காம்பஸ்" என்றவுடன் பிள்ளைகள் கணக்குப் பெட்டியில் உள்ள வட்டம் போடும் கருவியை எடுத்து நீட்டுவார்கள். அது கவராயம். நாம் சொல்வது திசைகாட்டி. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர். அதனால் வந்த குழப்பம்.

காந்த ஊசியைப் பற்றி முதலில் எழுதி வைத்தவர்கள் சீனர்கள். சென் குவோ என்ற சீன அறிஞர் 1088-ம் ஆண்டு வாக்கில் எழுதிய நூலில், காந்தத்தில் தேய்த்த ஊசி தெற்கைக் காட்டுகிறது என்று குறித்திருக்கிறார். சரியாகத் தெற்கே நிற்காமல் சற்றுக் கிழக்கே சாய்கிறது என்றும் கவனித்திருக்கிறார்.

ஏன் அப்படி நிற்கிறது? ஐந்நூறு ஆண்டுகள் கழித்து விடை வந்தது. 1600-ம் ஆண்டு வில்லியம் கில்பர்ட் என்ற இங்கிலாந்து வைத்தியர், "பூமியே ஒரு பெரிய காந்தம்!" என்று நூல் எழுதினார்.

பூமியின் வயிற்றுக்குள், வெகு ஆழத்தில், உருகிய இரும்பு குழம்பாகச் சுழன்றுகொண்டிருக்கிறது. அதில் உண்டாகும் மின்சார ஓட்டத்தால் பூமிக்குக் காந்த சக்தி வருகிறது. அந்தச் சக்திதான் உங்கள் உள்ளங்கையில் இருக்கும் சின்ன ஊசியைத் திருப்புகிறது. எவ்வளவு பெரிய அதிசயம், எவ்வளவு சின்ன டப்பாவில்!

ஊசி காட்டும் வடக்கும், படத்தில் உள்ள உண்மையான வடக்கும் எல்லா ஊரிலும் ஒன்றாக இருப்பதில்லை. முன்பு சொன்ன மெயின் மாநிலத்தில் சுமார் 15 டிகிரி வித்தியாசம் உண்டு. அங்கே கணக்குப் போட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் வித்தியாசம் ஓரிரண்டு டிகிரிதான். பள்ளிப் பிள்ளைகள் அதைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம்.

நமக்குக் கிடைத்த வசதி

நமக்கு இன்னொரு வசதியும் உண்டு. பூமிக்குக் காந்த நடுக்கோடு என்று ஒரு கோடு உண்டு. அந்தக் கோட்டில் காந்த ஊசி எந்தப் பக்கமும் தலை சாயாமல் மட்டமாக நிற்கும். அது இந்தியாவின் தென்முனைக்கு அருகில்தான் செல்கிறது.

திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்ற மீனவர் கிராமத்தை ராக்கெட் தளத்துக்குத் தேர்ந்தெடுத்தது ஏன் தெரியுமா? அது காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால்தான். 1963-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி அங்கிருந்து முதல் ராக்கெட் பறந்தது. நம் திருநெல்வேலியிலும் பூமியின் காந்தத்தை ஆராயும் நிலையம் இருக்கிறது.

உலகத்து விஞ்ஞானிகள் தேடி வந்த இடம் நம் வாசல். நம் பிள்ளைகள் காந்த ஊசியைத் தொட்டுப் பார்க்காமலே பள்ளிப் படிப்பை முடிக்கலாமா?

மைதானத்தில் பாடம்

எப்படிச் சொல்லிக் கொடுப்பது? பெரிய ஏற்பாடு தேவை இல்லை. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு எட்டுத் திசைகாட்டி போதும். ஐந்து பேருக்கு ஒன்று. காலை வெயில் ஏறுமுன் ஒரு மணி நேரம் போதும்.

முதல் பாடம், கண்கட்டி நடை. மைதானத்தின் ஒரு கோடியில் ஒரு பிள்ளையை நிறுத்துங்கள். எதிர்க் கோடியில் ஒரு மரத்தைக் காட்டுங்கள். கண்ணைக் கட்டி, "மரத்துக்குப் போ" என்று சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவர் காவலாக நடக்க வேண்டும். பிள்ளை இடது பக்கமோ வலது பக்கமோ விலகிப் போகும். மற்றப் பிள்ளைகள் கைதட்டிச் சிரிப்பார்கள். பிறகு சிரித்தவர்களின் கண்ணைக் கட்டுங்கள்! அவர்களும் விலகுவார்கள். கருவி ஏன் வேண்டும் என்பது அப்போது ஒருவர் சொல்லாமலே விளங்கும்.

இரண்டாம் பாடம், ஊசியைப் பிடிக்கும் விதம். திசைகாட்டியை மார்புக்கு நேராக, மட்டமாகப் பிடிக்க வேண்டும். சாய்த்தால் ஊசி தட்டில் உரசும். இரும்பு அருகில் இருக்கக் கூடாது. கொடிக்கம்பம், சைக்கிள், பெல்ட்டுக் கொக்கி, செல்போன் எல்லாம் ஊசியை ஏமாற்றும். இரண்டு திசைகாட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றை ஒன்று இழுக்கும். இதைச் சொல்லாதீர்கள். பிள்ளைகளையே கொடிக்கம்பத்தின் அருகே போய் ஊசியைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒருமுறை பார்த்தால் ஆயுசுக்கும் மறக்காது.

மூன்றாம் பாடம், டிகிரி. வட்டத்தை 360 பங்காகப் பிரித்திருக்கிறார்கள். வடக்கு 0. கிழக்கு 90. தெற்கு 180. மேற்கு 270. மறுபடி வடக்கு வந்தால் 360. அப்படியென்றால் வடகிழக்கு எத்தனை? பூஜ்யத்துக்கும் 90-க்கும் நடுவில் 45. தென்மேற்கு? 225. கணக்கு கசப்பாக இருந்த பிள்ளைகளுக்கும் இந்தக் கணக்கு இனிக்கும். ஏனென்றால் விடையின் பக்கம் உடனே நடந்து போகலாம்!

நான்காம் பாடம், அடி அளப்பது. ஐம்பது மீட்டர் தூரத்தை நாடாவால் அளந்து குறியுங்கள். பிள்ளைகள் தத்தம் இயல்பான நடையில் நடந்து, எத்தனை அடி ஆகிறது என்று எண்ணட்டும். ஒருவருக்கு 80 ஆகும். ஒருவருக்கு 95 ஆகும். தன் அடி எவ்வளவு என்று தெரிந்தவனுக்குக் காலே அளவுகோல்.

நாணயம் திரும்பக் கிடைக்குமா?

ஐந்தாம் பாடம்தான் பிள்ளைகள் துள்ளிக் குதிக்கும் பாடம்.

ஒரு நாணயத்தைப் புல்லில் காலடியில் போடச் சொல்லுங்கள். பிறகு 40 டிகிரி திசையில் 40 அடி நடக்க வேண்டும். அங்கே நின்று, 120 கூட்ட வேண்டும். 40-ம் 120-ம் 160. அந்தத் திசையில் 40 அடி. மறுபடி 120 கூட்ட வேண்டும். 280. அந்தத் திசையில் 40 அடி. இப்போது குனிந்து பாருங்கள். காலடியில் நாணயம்!

மந்திரம் அல்ல. மூன்று பக்கமும் சமமான முக்கோணத்தைச் சுற்றி வந்திருக்கிறார்கள். வகுப்பறையில் கரும்பலகையில் கிடந்த முக்கோணம், மைதானத்தில் எழுந்து நின்று அவர்களுக்குக் காசு கொடுத்திருக்கிறது!

நாணயம் கிடைக்காத பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களிடம், "எங்கே தவறு வந்தது என்று கண்டுபிடி" என்று சொல்ல வேண்டும். ஊசியைச் சாய்த்துப் பிடித்தானா? அடியை நீட்டி வைத்தானா? கூட்டலில் பிசகா? ஐந்து டிகிரி தவறினால், 100 மீட்டர் நடந்த பிறகு சுமார் 9 மீட்டர் விலகி நிற்பான். ஒரு கிலோமீட்டர் நடந்தால் 87 மீட்டர் விலகுவான். காட்டில் 87 மீட்டர் என்றால், பாதை கண்ணுக்கே தெரியாது. சின்னத் தவறு தூரம் போகப் போகப் பெரிய தவறாகும் என்ற புத்திமதியை இதைவிட நன்றாக யார் சொல்ல முடியும்?

ஆறாம் பாடம், எதிர்த் திசை. போன திசையோடு 180 கூட்டினால் திரும்பும் திசை கிடைக்கும். கூட்டி 360-க்கு மேல் போனால், கூட்டாமல் கழிக்க வேண்டும். 70 டிகிரியில் போனவன் 250-ல் திரும்ப வேண்டும். 300-ல் போனவன் 120-ல் திரும்ப வேண்டும். உயிர் காக்கும் பாடம் இதுதான்.

கருவி வாங்க வசதி இல்லையா?

கவலை வேண்டாம். ஒரு தையல் ஊசி எடுங்கள். காந்தத்தின் ஒரு முனையால், ஊசியின் காதிலிருந்து கூர் வரை ஒரே பக்கமாக முப்பது நாற்பது தடவை தேயுங்கள். முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது. மண் சட்டியிலோ பிளாஸ்டிக் கிண்ணத்திலோ தண்ணீர் ஊற்றி, ஒரு சிறு இலையை மிதக்கவிட்டு, அதன்மேல் ஊசியை வையுங்கள். ஊசி மெல்லத் திரும்பி வடக்கு தெற்காக நிற்கும். காலை வெயில் வரும் பக்கத்தை வைத்து, எந்த முனை வடக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள்.

தாய்மார்கள் வீட்டிலேயே இதைச் செய்து காட்டலாம். செலவு ஒன்றும் இல்லை. ஊசியை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துவிடுங்கள்!

சூரியனும் சற்று ஏமாற்றும்

"கருவி எதற்கு? சூரியன் உதிக்கும் பக்கம் கிழக்கு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். சரிதான். ஆனால் முழுக்கச் சரி அல்ல.

சூரியன் சரியாகக் கிழக்கே உதிப்பது ஆண்டுக்கு இரண்டு முறைதான். மார்ச்சு மாதம் 20-ந் தேதியை ஒட்டி ஒருமுறை. செப்டம்பர் 22-ந் தேதியை ஒட்டி ஒருமுறை. ஜூன் மாதத்தில் வடக்கே தள்ளி உதிக்கும். டிசம்பரில் தெற்கே தள்ளி உதிக்கும். சென்னையில் இந்த விலகல் 24 டிகிரி வரை போகும்.

பகல் நேர நிழலும் அப்படியே. ஐரோப்பாவில் நண்பகல் நிழல் எப்போதும் வடக்கே விழும். நம் ஊரில் அப்படி இல்லை. சென்னையில் மே, ஜூன், ஜூலை மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும். ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு நாளும், ஆகஸ்டு நடுவில் ஒரு நாளும் உச்சி வேளையில் கம்பத்துக்கு நிழலே இல்லாமல் போகும்!

மாதம் ஒருமுறை காலையில் சூரியன் உதிக்கும் டிகிரியைத் திசைகாட்டியால் அளந்து ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். சூரியனை உற்றுப் பார்க்கக் கூடாது; அது மேலெழும் இடத்திலுள்ள மரத்தையோ கோபுரத்தையோ குறி வைத்தால் போதும். ஓர் ஆண்டு முடிந்தால், உத்தராயணம், தட்சிணாயனம் என்று நம் முன்னோர்கள் சொன்னது என்னவென்று பிள்ளை தன் கையெழுத்திலேயே படிக்கும்.

அந்த முன்னோர்களுக்குத் திசை காற்றிலேயே தெரிந்தது. வடக்கே இருந்து வந்தால் வாடை. தெற்கே இருந்து வந்தால் தென்றல். கிழக்கே இருந்து வந்தால் கொண்டல். மேற்கே இருந்து வந்தால் கோடை. நாம் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து அதை மறந்துவிட்டோம்.

பத்திரத்தில் திசை

"என் மகன் காட்டுக்கும் போகப் போவதில்லை, கடலுக்கும் போகப் போவதில்லை. அவனுக்கு எதற்கு?" என்று கேட்கலாம்.

வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். நான்கு எல்லையும் எழுதியிருக்கும். செக்குபந்தி என்பார்கள். கிழக்கே இன்னார் நிலம், மேற்கே வாய்க்கால், வடக்கே பாதை, தெற்கே இன்னார் வீடு. நிலத்துக்குச் சாட்சி அந்த நான்கு வரிகள்தான்.

நிலத்தில் போய் நின்று அந்த நான்கையும் பொருத்திப் பார்க்கத் தெரிய வேண்டாமா? தெரியாதவர், அடுத்தவர் கையைக் காட்டிச் சொல்வதை நம்பித்தான் கையெழுத்துப் போட வேண்டும். எழுத்துத் தெரியாததால் ஏமாந்தவர்களின் கதை நமக்குத் தெரியும். எழுத்துத் தெரிந்தும் திசை தெரியாவிட்டால், அந்த ஆபத்தில் பாதி இன்னும் மிச்சம் இருக்கிறது.

பத்திரத்தையும் திசைகாட்டியையும் எடுத்துக்கொண்டு அப்பாவோடு நிலத்துக்குப் போய், "இதுதான் நம் வடக்கு எல்லை" என்று மகளோ மகனோ காட்டினால், அந்த வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய பலம்!

பெண் பிள்ளைகளுக்கும்

சாரணர் இயக்கத்திலும், தேசிய மாணவர் படையிலும் படம் பார்க்கவும் திசை காணவும் கற்றுக் கொடுக்கிறார்கள். மிகவும் நல்லது. ஆனால் அவற்றில் சேருகிறவர்கள் சிலர்தான். மற்றப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்?

முக்கியமாகப் பெண் பிள்ளைகள். "நீ தனியாகப் போகாதே, அண்ணன் வரட்டும்" என்று சொல்லியே வளர்க்கிறோம். வழி பார்ப்பது ஆண்கள் வேலை என்று அவளும் நினைத்துக்கொள்கிறாள். ஒருநாள் வேலைக்காக வேற்றூருக்குப் போகிறாள். பஸ் நிலையத்தில் இறங்கியதும் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்கிறாள்.

மைதானத்தில் ஊசியைப் பிடித்து நாணயத்தைக் கண்டெடுத்த பெண், அப்படி நிற்கமாட்டாள். "நான் வந்த பக்கம் மேற்கு, ஆகவே ஊர் கிழக்கே இருக்கிறது" என்று யோசிப்பாள். யோசிக்கத் தெரிந்தவளுக்குப் பயம் பாதி போய்விடும்.

செல்போன் இருக்கிறதே!

இதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. செல்போனை நாம் குறை சொல்லவில்லை. வானத்தில் 20 ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக் கோள்களிடம் கேட்டு, நாம் நிற்கும் இடத்தைச் சொல்கிறது. அது மனித அறிவின் பெரிய வெற்றி.

ஆனால் பேட்டரி தீர்ந்தால்? போன் தண்ணீரில் விழுந்தால்? படம் இறங்க சிக்னல் இல்லாவிட்டால்? மெயின் காட்டில் அந்தப் பெண்மணியின் கையில் இருந்ததும் செல்போன்தான்.

அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் நட்சத்திரம் பார்த்துக் கப்பல் ஓட்டும் பாடத்தை ஒரு காலத்தில் நிறுத்தினார்கள். 2015-ல் மறுபடி தொடங்கினார்கள். எதிரி எப்போதாவது மின்னணுக் கருவிகளை முடக்கிவிட்டால் என்ன செய்வது என்ற யோசனைதான் காரணம். அவ்வளவு கருவிகள் உள்ளவர்களே கண்ணையும் அறிவையும் கைவிடவில்லை.

இன்னொன்றும் உண்டு. லண்டன் நகரத்தில் டாக்சி ஓட்ட வேண்டுமானால் ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும். அந்த டிரைவர்களின் மூளையைப் படம் எடுத்து ஆராய்ந்தார்கள். இடங்களை நினைவில் வைக்கும் மூளைப் பகுதியின் பின்பக்கம், அவர்களுக்கு மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. 2000-ம் ஆண்டு வெளியான ஆராய்ச்சி இது. உழைத்த கை உரமாவதுபோல, வழி தேடிய மூளையும் உரமாகிறது.

செல்போன் இருக்கட்டும். அது துணையாக இருக்கட்டும். ஊன்றுகோலாக ஆகிவிட வேண்டாம்.

சுவீடன் செய்தது

நூறு ஆண்டுகளுக்கு முன் சுவீடன் நாட்டில் கில்லாண்டர் என்ற ராணுவ மேஜர் இருந்தார். சாரணர் தலைவரும் அவரே. இளைஞர்களுக்கு ஓட்டப் பந்தயத்தில் ஆர்வம் குறைந்து வருவதைக் கண்டார். கையில் படமும் திசைகாட்டியும் கொடுத்து, காட்டுக்குள் குறித்த இடங்களைத் தேடி ஓடும் பந்தயத்தை 1919-ம் ஆண்டு ஸ்டாக்ஹோம் அருகே நடத்தினார். இளைஞர்கள் திரண்டு வந்தார்கள். காலுக்கும் வேலை, மூளைக்கும் வேலை!

அந்த விளையாட்டு உலகமெங்கும் பரவியது. 1961-ல் அதற்கு ஒரு சர்வதேச சங்கம் அமைந்தது. சுவீடனில் இன்று திசை காண்பது பள்ளித் தேகப்பயிற்சிப் பாடத்தின் ஒரு பகுதி. பிள்ளைகள் எல்லோரும் கற்கிறார்கள்.

நமக்கு இது புதிதா? இல்லை. நிலம் அளக்கச் சொல்லிக் கொடுக்கும் பள்ளி 1794-லேயே சென்னையில் தொடங்கியது. அதுவே வளர்ந்து இன்று கிண்டி பொறியியல் கல்லூரியாக நிற்கிறது. இந்தியா முழுவதையும் அளந்த மாபெரும் அளவை வேலை, 1802-ல் சென்னை பரங்கிமலையின் அருகில் போட்ட அடிக்கோட்டிலிருந்துதான் தொடங்கியது. நாட்டை அளக்கத் தொடங்கிய ஊர் நம் ஊர். நம் பிள்ளைகள் மைதானத்தையாவது அளக்கட்டும்!

என்ன செய்ய வேண்டும்?

"ஏற்கனவே பாடம் அதிகம், நேரம் ஏது?" என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. புதிய பாடப் புத்தகம் வேண்டாம். புதிய பரீட்சையும் வேண்டாம். பரீட்சை வைத்தால் இதையும் மனப்பாடம் செய்துவிடுவார்கள்!

பூகோளம், கணக்கு, விஞ்ஞானம், தேகப்பயிற்சி ஆகிய நான்கும் இந்த ஒரு பாடத்தில் அடங்கியிருக்கின்றன. நான்கு ஆசிரியர்களும் ஆளுக்கு ஒரு வகுப்பு நேரத்தை விட்டுக் கொடுத்தால், மாதம் ஒரு காலை நேரம் கிடைத்துவிடும்.

மைதானம் இல்லாத பள்ளிகள் இருக்கின்றன. அவர்கள் பக்கத்து ஊர்ப் பொட்டலுக்கோ, பூங்காவுக்கோ போகலாம். கால் ஊனமுற்ற பிள்ளைகள் இருந்தால், அடி எண்ணுவதற்குப் பதிலாகச் சக்கர நாற்காலியின் சக்கரச் சுற்றை எண்ணலாம். ஊசியைப் பிடித்துத் திசை சொல்லும் தலைமைப் பொறுப்பையும் கொடுக்கலாம். தண்ணீர், நிழல், உடன் ஒரு பெரியவர் ஆகிய மூன்றும் இருந்தால் போதும்.

கல்வித் துறை ஒவ்வொரு பள்ளிக்கும் எட்டுத் திசைகாட்டி வாங்கிக் கொடுக்கட்டும். அது வரும்வரை ஆசிரியர்கள் காத்திருக்க வேண்டாம். தையல் ஊசியும் இலையும் எல்லா ஊரிலும் இருக்கின்றன.

பெற்றோர்களும் சும்மா இருக்க வேண்டாம். "கடை அந்தப் பக்கம்" என்று சொல்லாதீர்கள். "கடை தெற்கே இருக்கிறது" என்று சொல்லுங்கள். பஸ்ஸில் போகும்போது, "இப்போது எந்தத் திசையில் போகிறோம்?" என்று கேளுங்கள். காசு செலவில்லாத பாடம்.

நம் பிள்ளைகள் நாளை எங்கெங்கோ போகப் போகிறார்கள். நாம் கூடவே போக முடியாது. வழியெல்லாம் நாம் நின்று கை காட்டவும் முடியாது. எங்கே நின்றாலும், "நான் இங்கே இருக்கிறேன், நான் போக வேண்டியது அங்கே" என்று தாமே கண்டுகொள்ளும் அறிவைக் கொடுத்து அனுப்பலாம்.

கதவைத் திறந்து பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்புங்கள், ஆசிரியர்களே! ஊசி தயாராக இருக்கிறது. பிள்ளைகளும் தயாராக இருக்கிறார்கள்.

பள்ளிகள் செய்யுமா?

செய்யும் என்று நம்புகிறோம்.